பெயர்களின் பந்தி

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் என்பது சின்ன விஷயம் அல்ல. பெயர் சரியாக அமைந்துவிட்டால் பாத்திரம் பாதி எழுந்து உட்கார்ந்துவிடும்; அமையாவிட்டால் ஐம்பது பக்கம் எழுதின பிறகும் படுத்தே கிடக்கும். ஆனால் நிஜ வாழ்க்கையில் யாரும் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. பெற்றவர்கள் வைக்கிறார்கள். பெண்ணாகப் பிறந்துவிட்டால் தகப்பன் பெயர் கூட ஒட்டிக்கொள்கிறது. கலியாணமானதும் அதைக் கழற்றிவிட்டுப் புருஷன் பெயரை ஒட்டவைக்கிறார்கள். இது ஏன் இப்படி என்று கேட்கிறவர்கள் எப்போதும் சிலர் உண்டு. கேட்டதோடு நிற்காமல் கலைப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தவர் ஒருவர் உண்டு.

1970 அக்டோபர் மாத 'ஆர்ட்ஃபோரம்' பத்திரிகையில் அந்த விளம்பரம் வெளிவந்தது. ஜூடி கெரோவிட்ஸ் என்ற சித்திரக்காரி, ஆண்களின் ஆதிக்கத்தால் தன்மேல் சுமத்தப்பட்ட பெயர்களையெல்லாம் உதறிவிட்டதாகவும், இனித் தன் பெயர் ஜூடி சிகாகோ என்றும் அறிவித்திருந்தார். கோஹன் என்பது தகப்பனார் பெயர். கெரோவிட்ஸ் என்பது இறந்துபோன கணவரின் பெயர். சிகாகோ என்பது பிறந்த ஊர். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஜூடி சிகாகோ' என்று அவரை முதலில் கூப்பிட்டவர் ரால்ஃப் நெல்ஸன் என்ற கலைக்கூடச் சொந்தக்காரர். அவருடைய பேச்சில் சிகாகோ வாடை அதிகமாக அடித்ததால் வைத்த கேலிப்பெயர் அது. ஆண்கள் தந்த பெயர்களை உதறியவர் எடுத்துக்கொண்ட பெயரும் ஓர் ஆண் பிள்ளையின் வாயிலிருந்து வந்ததுதான். இதைச் சொல்லி அவரை மடக்கிவிட்டதாக நினைப்பது சிறுபிள்ளைத்தனம். பெயர் யார் வாயிலிருந்து வந்தது என்பதல்ல, யார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் விஷயம். ஆனாலும் இந்த வேடிக்கையை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் உபயோகப்படும்.

நம் இலக்கிய உலகத்தில் ஒரு பழைய சண்டை இருக்கிறது. கலை கலைக்காகவே என்று ஒரு கட்சி. கலைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று ஒரு கட்சி. நோக்கம் வந்தால் கலை செத்துவிடும் என்கிறார்கள் இவர்கள். நோக்கம் இல்லாத கலை பிறந்ததே தண்டம் என்கிறார்கள் அவர்கள். வருஷக்கணக்காக நடக்கும் இந்தச் சண்டையில் குறிப்பிட்ட எந்தச் சிருஷ்டியையும் யாரும் கிட்டப்போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. ஜூடி சிகாகோவின் அறுபது வருஷத்துக் காரியத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால், இந்தச் சண்டையின் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் புத்தி வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் 1939-ல் சிகாகோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் தொழிற்சங்கக்காரர், இடதுசாரி. அந்தக் காலத்து அமெரிக்காவில் அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை அனுபவித்துவிட்டு 1953-ல் காலமானார். தாயார் முன்பு நடனம் ஆடியவர். உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சின்ன வயசிலேயே சிகாகோ கலைக்கழகத்தின் வகுப்புகளுக்குப் போன பெண், பிறகு லாஸ் ஏஞ்ஜல்ஸ் போய்க் கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் 1964-ல் மேல்பட்டம் பெற்றார். அதற்கு முந்தின வருஷம், கலியாணமாகி இரண்டே வருஷத்தில், கணவர் மோட்டார் விபத்தில் இறந்துபோனார்.

படிக்கும் காலத்தில் அவர் வரைந்த படங்களில் பெண் உடம்பின் சாயல் இருந்தது. ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, அவர்கள் ஆண்கள். மாணவி என்ன செய்வாள்? ஆசிரியர்களுக்குப் பிடித்த பாஷையைக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டது சாமானியமாகவும் அல்ல. மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலைக் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே அவர் ஒருத்திதான் பெண். 1964-ல் நிஜமான ஒரு மோட்டாரின் முன்மூடிமேல் தம் சித்திரத்தை வர்ணமாக அடித்தார். 1965-ல் செய்த 'ரெயின்போ பிக்கட்' என்ற சிற்பம், ஒன்றைவிட ஒன்று குட்டையாகிக்கொண்டே போகும் ஆறு பட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்ததுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய நிறம். 1966-ல் நியூயார்க் யூத மியூஸியத்தில் நடந்த, சிற்பக்கலையில் புது யுகத்தைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படுகிற 'பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்' கண்காட்சியில் அது இடம் பெற்றது.

நல்ல சிற்பம்தான் அது. அதைச் செய்தது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதுதான் அதன் பெருமை என்பார்கள் முதல் கட்சிக்காரர்கள். அதுதான் அதன் பொய் என்றார் அதைச் செய்தவர். ஆனால் உற்றுப் பார்த்தால் அந்த நிறங்கள் ஒன்றைச் சொல்லிவிடுகின்றன. கூட இருந்தவர்கள் இரும்பும் சாம்பலுமாகச் செய்துகொண்டிருந்தபோது இவருடைய பட்டைகள் ரோஜாவும் மஞ்சளும் இளநீலமுமாக நிற்கின்றன. வேறொருவர் பாஷையில் பேசினாலும் குரலை முழுக்க மறைக்க முடியாது. இதை எழுத்தாளர்கள் அறிவார்கள். அந்தச் சிற்பத்தை அந்தக் காலத்தில் வைத்துக் காப்பாற்ற முடியாமல் அவரே அழித்துவிட்டார். 2004-ல் மறுபடியும் செய்தார்.

பெயரை மாற்றிக்கொண்ட அதே 1970-ல் அவர் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊருக்குப் போய், அங்கே கல்லூரியில் பதினைந்து மாணவிகளை வைத்துக்கொண்டு பெண்களுக்கென்றே ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் அப்படி ஒரு வகுப்பு அதுதான் முதல். அடுத்த வருஷம் கால்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரிக்கு அந்த வகுப்பு மாறியது. மிரியம் ஷாபிரோ என்ற சித்திரக்காரியும் சேர்ந்துகொண்டார். ஹாலிவுட்டில் இடிக்கப்பட இருந்த ஒரு பழைய மாளிகை கிடைத்தது. மாணவிகள் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு, சுவர் பூசி, அறை அறையாக எடுத்துக்கொண்டார்கள். 1972 ஜனவரி 30 முதல் ஒரு மாதம் 'வுமன்ஹவுஸ்' என்ற பெயரில் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். சுமார் பத்தாயிரம் பேர். பிறகு வீடு இடிபட்டது.

அந்த வீட்டில் ஒரு சமையலறை. முழுவதும் ஒரே இளஞ்சிவப்பு வர்ணம். கூரையில் வரிசையாகப் பொரித்த முட்டைகள். சுவரில் இறங்க இறங்க அவை முலைகளாக மாறிக்கொண்டே வருகின்றன. துணிகள் அடுக்கும் அலமாரி ஒன்று. தட்டுகளுக்கு நடுவே ஒரு பெண் பொம்மை செருகப்பட்டிருக்கிறது, உடம்பைத் தட்டுகள் துண்டு துண்டாக வெட்டுகிற மாதிரி. மாடிப்படியிலே கலியாணப் பெண் ஒருத்தி. ஒரு பெண் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கை முழுவதும் தான் காத்திருந்த காத்திருப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். அதைச் செய்தவர் ஃபெய்த் வைல்டிங் என்ற மாணவி. குளியலறை ஒன்றைச் சிகாகோ தாமே அமைத்தார். மாதவிலக்கைப் பற்றியது, அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். வெள்ளை வெளேரென்ற அந்த அறையில் சிவப்பு மட்டும்தான் பேசியது என்றால் போதும்.

நோக்கம் வந்தால் கலை செத்துவிடும் என்கிறவர்கள் இந்த வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே நோக்கம் ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. ஆனால் உபதேசம் இல்லை. வீட்டுக்குள்ளே எல்லோரும் தினம் பார்க்கிற முட்டையும் அலமாரியும் படியும்தான். அவற்றை ஓரடி நகர்த்தி வைத்தார்கள். நல்ல சிறுகதை செய்கிற காரியமும் இதுதான். இருபது வயசுப் பெண்கள் சேர்ந்து செய்த அந்த வீடு, சிகாகோவின் பெரிய காரியங்களைவிடச் சில இடங்களில் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெரிய காரியம் என்று உலகம் சொல்வது 'தி டின்னர் பார்ட்டி'. நாம் பந்தி என்று சொல்லலாம். 1974 முதல் 1979 வரை ஐந்து வருஷத்து வேலை. கிறிஸ்துவின் கடைசி விருந்தைச் சித்திரிக்கும் படங்களில் பதின்மூன்று ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவர்கள் யார், அவர்களுக்கு இலை எப்போது விழுந்தது என்பது படத்தில் இல்லை. சிகாகோ இதைத்தான் கேட்டார். முக்கோண மேஜை ஒன்று. ஒவ்வொரு பக்கமும் 48 அடி. பக்கத்துக்குப் பதின்மூன்று ஆசனமாக 39 பெண்களுக்கு இடம். ஆதி தெய்வங்களில் தொடங்கி, ரோமாபுரி வழியாக, மத்திய கால ஐரோப்பா வழியாக, அமெரிக்கச் சித்திரக்காரி ஜார்ஜியா ஓகீஃப் வரையில் வந்து முடிகிறது. ஒவ்வொருவருக்கும் கையால் வர்ணம் தீட்டிய ஒரு பீங்கான் தட்டு, ஒரு கிண்ணம், கீழே தொங்கும் தையல் விரிப்பு. நடுவே தரையில் 2300-க்கு மேற்பட்ட வெள்ளை ஓடுகள். அவற்றின்மேல் பொன் எழுத்தில் 999 பெயர்கள்.

இந்த 999-ல் ஒருவர் ஆண்! கிரெஸிலாஸ் என்ற பழைய கிரேக்கச் சிற்பி. புத்தகங்களில் எங்கோ பெயர் திரிந்து, பெண் என்று நினைக்கப்பட்டு உள்ளே வந்துவிட்டார். சரித்திரத்தில் பெண்களின் காரியத்தை ஆண்கள் பெயரில் எழுதிவைத்த கணக்குகள் ஏராளம். பதிலுக்கு ஓர் ஆண் பெண்கள் கணக்கில் ஏறிவிட்டது பெரிய பாவம் இல்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சரித்திரம் எழுதினால் இப்படி நேரும் என்பதற்கு இது சாட்சி. பொன் எழுத்தில் பெயர் கிடைத்துவிடுவதாலேயே ஆள் கிடைத்துவிடுவதில்லை.

1979 மார்ச் மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் இது காட்சிக்கு வந்தது. மூன்று மாதத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் அடுத்து வரவழைக்க ஒப்புக்கொண்டிருந்த மியூஸியங்கள் பின்வாங்கிவிட்டன. அங்கங்கே பெண்கள் கூடிப் பணம் திரட்டி, கிடைத்த இடத்தில் வைத்துக் காட்டினார்கள். அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று சுற்றி வந்து, பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்ட ஒரு கலைப்பொருள், கடைசியில் தங்க இடமில்லாமல் பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்தது. 1990-ல் வாஷிங்டனில் உள்ள ஒரு ஸர்வகலாசாலைக்கு அதைத் தானமாகக் கொடுக்கச் சிகாகோ முன்வந்தார். தானமாகக் கொடுத்ததற்கும் சண்டை. காங்கிரஸின் கீழ்ச்சபையில் அங்கத்தினர்கள் எழுந்து ஆபாசம் என்று முழங்கினார்கள்; ஸர்வகலாசாலைக்குத் தரும் பணத்தில் 16 லட்சம் டாலரை வெட்ட வேண்டும் என்று வோட்டுப் போட்டார்கள். அவர் தானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எலிஸபெத் ஸாக்ளர் என்ற பெண்மணியின் உதவியால் 2002-ல் அது புரூக்ளின் மியூஸியத்துக்குச் சேர்ந்து, 2007 முதல் அங்கே நிரந்தரமாக அமர்ந்துவிட்டது.

ஆபாசம் என்று சொன்னதற்குக் காரணம் தட்டுகள். பெரும்பாலான தட்டுகளில் வண்ணத்துப் பூச்சியோ பூவோ போலத் தோன்றுவது பெண்ணின் யோனி வடிவம். காலம் ஏற ஏறத் தட்டின் உருவமும் மேலே எழும்புகிறது. ஆரம்பத்தில் தட்டையாக இருப்பது, ஓகீஃபின் தட்டில் பறக்கத் தயாரானது மாதிரி உயர்ந்து நிற்கிறது. ஆவுடையாருக்குத் தினம் தலை வணங்குகிற நாட்டில் இருந்துகொண்டு நாம் இதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆபாசம் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம்.

தள்ள முடியாத குற்றச்சாட்டு வேறு. 1980-ல் புரூக்ளினில் இது காட்டப்பட்டபோது, நியூயார்க் டைம்ஸின் விமரிசகர் ஹில்டன் கிரேமர், இது கெட்ட கலை என்றார். ஒரே விஷயத்தை விளம்பரக்காரன் மாதிரி விடாமல் அடித்துச் சொல்கிறது என்றார். அவர் தொனியில் இருந்த எகத்தாளத்தைக் கழித்துவிட்டால், தட்டுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது முக்கால்வாசி சரி. எமிலி டிக்கின்ஸன் என்ற கவி, வெர்ஜீனியா உல்ஃப் என்ற நாவலாசிரியை, காரலைன் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி — ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் இவர்கள். மூவரையும் ஒரே உறுப்பின் சாயலில் காட்டினால் மிஞ்சுவது என்ன? டிக்கின்ஸனின் தட்டு அடுக்கடுக்கான இளஞ்சிவப்பு லேஸ். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளின் கவிதையில் லேஸ் கிடையாது, கத்திதான் உண்டு. உல்ஃபின் தட்டில் இதழ் விரிந்து விதைகள் நிரம்பி நிற்கின்றன. வாக்கியத்திலேயே மனசின் ஓட்டத்தைப் பிடித்த ஒருத்திக்கு விதை எதற்கு? பெண்ணை அவள் உடம்பைக் கொண்டு மட்டும் அடையாளம் காணும் பழைய வழக்கத்தை எதிர்த்துக் கிளம்பின காரியம், அதே வழக்கத்தில் போய் விழுந்துவிட்டது. ஓகீஃப் விஷயம் இன்னும் சங்கடமானது. 1979-ல் அந்த 39 பேரில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். தம் பூக்களில் பெண் உடம்பைத் தேடுகிறவர்களை அவர் வாழ்நாளெல்லாம் மறுத்துவந்தார். பந்தியில் மிக உயரமான தட்டு அவருக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களில் பந்தியில் இடம் கிடைத்தது ஸோஜர்னர் ட்ரூத் ஒருவருக்குத்தான். அவர் தட்டில் யோனி வடிவம் இல்லை. மூன்று முகங்கள் இருக்கின்றன. கறுப்புப் பெண்ணுக்கும் உடம்பு உண்டு என்று நினைக்க வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கூசுகிறதா என்று அலிஸ் வாக்கர் என்ற நாவலாசிரியை 1979-லேயே கேட்டார். உடம்பாகவே காட்டினால் அவமானம் என்கிறேன் நான். உடம்பு இல்லாமல் காட்டினதும் அவமானம் என்கிறார் அவர். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒரே அளவுகோலை 39 பேருக்கும் வைத்ததன் பலன் இது.

நம் பக்கத்திலிருந்தும் ஒருத்தி பந்தியில் இருக்கிறாள். முதல் பக்கத்தில் நாலாவது ஆசனம் காளிக்கு. மறந்துபோன, மறைக்கப்பட்ட ஆதிப் பெண் சக்திகளில் ஒருத்தியாக அவளை உட்கார்த்தியிருக்கிறார்கள். காளியை யார் மறந்தார்கள்? ஊருக்கு ஊர் எல்லையில் நின்றுகொண்டு இன்றைக்கும் பொங்கல் வாங்கிக்கொள்கிறாள். அது போகட்டும். இந்தியாவிலிருந்து ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டவர்கள் ஒரு மனுஷியைக் கூப்பிடவில்லை. காளி எழுந்த பிறகு அடுத்த இரண்டு பக்கத்திலும் ஆசியாவிலிருந்து ஒருத்தியும் இல்லை. கீழை நாடு என்றால் தெய்வம், மேலை நாடு என்றால் மனிதர் என்ற பழைய பாகப்பிரிவினை இந்தப் புதுப் பந்தியிலும் மாறவில்லை.

இவ்வளவையும் சொன்னபிறகு கிரேமரோடு நானும் எழுந்து போய்விட வேண்டும். போகவில்லை. ஏனென்றால் அவர் தட்டைப் பார்த்தார், விரிப்பைப் பார்க்கவில்லை. பத்திரிகைப் படங்களில் தட்டுதான் எடுப்பாகத் தெரிகிறது, துணி தெரிவதில்லை. ஆனால் இந்தச் சிருஷ்டியின் உயிர் துணியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் எந்தக் காலத்தில், எந்தத் தேசத்தில் வாழ்ந்தாளோ அந்தக் காலத்துத் தையல், அந்தத் தேசத்து நெசவு. மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் விரிப்பை எடுத்துக்கொள்ளலாம். பெண்களின் உரிமைக்காக 1792-ல் புத்தகம் எழுதியவர். பெண் குழந்தைகளை எப்போதும் ஊசியும் நூலுமாக உட்கார்த்தி வைத்தால் புத்தி குறுகிப்போகும் என்று அதே புத்தகத்தில் தையலைக் கடிந்துகொண்டவர். 1797-ல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் பத்துப் பன்னிரண்டு நாளில் இறந்துபோனார். அவருடைய விரிப்பு, கனவான்கள் வீட்டுப் பெண்கள் பொழுது போகாமல் பூவும் பறவையுமாகப் புடைப்புத் தையலில் செய்துவந்த அலங்கார வேலை. பின்பக்கத்தில், அதே கொஞ்சலான தையலில், பிரசவப் படுக்கையில் அவர் சாகிற காட்சி. தையலைச் சபித்தவளின் சாவைத் தையலே சொல்கிறது. அலங்காரத்துக்கென்று பிறந்த கை, அலங்காரத்தை வைத்துக்கொண்டே அலங்காரத்தைக் குற்றம் சாட்டுகிறது. இது பிரசாரம் அல்ல, கலை. 39 தட்டுகளும் சேர்ந்து சொல்ல முடியாததை இந்த ஒரு முழத் துணி சொல்லிவிடுகிறது.

ஆனால் இந்தத் துணியைத் தைத்தது யார்? இங்கேதான் பெயர் விஷயம் மறுபடியும் வந்து நிற்கிறது. ஐந்து வருஷத்தில் நானூறு பேருக்கு மேல் வந்து உழைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், அநேகர் கூலி வாங்காமல் உழைத்தவர்கள். சித்திரம் சிகாகோவுடையது, திட்டம் அவருடையது, பீங்கானில் வர்ணம் தீட்ட அவரே வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டார். ஆனால் ஊசி அவர் கையில் இல்லை. முக்கியமான கூட்டாளிகளின் பெயர்களைப் பலகைகளில் எழுதிக் கண்காட்சியோடு வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மறைக்கவில்லை. இருந்தாலும் உலகம் ஒரு பெயரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பெயர் இழந்த பெண்களுக்காக எடுத்த பந்தியில் நானூறு பெண்கள் பரிமாறினார்கள், உட்காரவில்லை. சினிமாவில் டைரக்டர் பெயர்தானே முன்னால் வருகிறது என்று சமாதானம் சொல்லலாம். சினிமா, பெயரில்லாதவர்களுக்குப் பெயர் தருவதாகச் சபதம் செய்துகொண்டு தொடங்குவதில்லை.

இந்தக் குறையை அவரே உணர்ந்தார் என்பதற்கு அடுத்த வேலையே அத்தாட்சி. 1980 முதல் 1985 வரை நடந்த 'பர்த் பிராஜெக்ட்', அதாவது பிரசவச் சித்திரங்கள். சுமார் 150 பெண்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே தைத்தார்கள். இவர் வரைந்து அனுப்பினார். இந்தத் தடவை ஒவ்வொரு சித்திரத்தின் பக்கத்திலும் அதைத் தைத்தவளின் பெயர் இருந்தது. மேலைநாட்டு ஓவியத்தில் பிள்ளை பிறந்தபிறகு தாய் மடியில் உட்கார்ந்திருக்கும் படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பிறக்கிற வேளையைக் காட்டும் படம் தேடினாலும் அகப்படுவது அரிது என்று கண்டு அவர் இதைத் தொடங்கினார். நாமும் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். நம் கதைகளில் பிரசவம் என்றால் என்ன? உள்ளே ஓர் அறைக்கதவு சாத்தியிருக்கும். வெளியே திண்ணையில் புருஷன் குறுக்கும் நெடுக்குமாக உலாவுவான். கடைசியில் 'குவா குவா' என்று ஒரு சத்தம். எழுத்தாளன் புருஷனோடு திண்ணையிலேயே நின்றுவிட்டான். சிகாகோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவர் பெற்றவர் அல்ல. ஆனால் பெற்றவர்களைக் கேட்டு, ஒரு பிரசவத்தைக் கிட்ட இருந்து பார்த்து வரைந்தார். பூமி பிளப்பது போலவும் வெள்ளம் பெருகுவது போலவும் அலையலையாக ஓடும் அந்தக் கோடுகளில், தட்டுகளில் இல்லாத பயம் இருக்கிறது. பயம் இருப்பதால் உண்மை இருக்கிறது. அவருடைய காரியங்களில் மிகச் சிறந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

அதற்குப் பிறகு செய்தவற்றில் ஏற்றத்தாழ்வு அதிகம். 1982 முதல் 1987 வரை 'பவர்பிளே' என்று ஆண்களின் அதிகாரத்தை வரைந்தார். முகம் கோணி, தசை முறுக்கி, உலகத்தையே வண்டிச் சக்கரம் மாதிரிப் பிடித்து அழிவை நோக்கி ஓட்டுகிற ஆண்கள். கோபம் நியாயமானது, படங்கள் சுவரொட்டிகள். வில்லனுக்கு மனசு என்று ஒன்று இருக்கக்கூடும் என்று நினைக்காத நாவல் எப்படி இருக்குமோ அப்படி இருக்கின்றன. கணவர் டொனால்ட் உட்மன் என்ற போட்டோக்காரரோடு சேர்ந்து எட்டு வருஷம் உழைத்து 1993-ல் வெளியிட்ட யூதப் படுகொலைச் சித்திரங்கள் சிரத்தையானவை. ஆனால் விஷயம் சித்திரத்தைவிடப் பெரியதாகி அதை விழுங்கிவிடுகிறது. இங்கே இரண்டாவது கட்சிக்காரர்கள் யோசிக்க வேண்டும். நோக்கம் உயர்ந்தது என்பதால் படைப்பு உயர்ந்துவிடாது. அதே கை, அதே நோக்கம். பிரசவத்தில் கலை, அதிகாரத்தில் சுவரொட்டி. வித்தியாசம் எங்கே என்றால், ஒன்றில் அவர் உள்ளே போய்ப் பார்த்தார். மற்றதில் வெளியே நின்று தீர்ப்புச் சொன்னார்.

2020 ஜனவரியில் பாரிஸில் தியோர் என்ற பெரிய உடைக் கம்பெனி, ரோதேன் மியூஸியத்துத் தோட்டத்தில் இவருடைய திட்டப்படி ஒரு பெண் தெய்வத்தின் உருவில் கூடாரம் போட்டு அதற்குள் உடைக் காட்சி நடத்தியது. உள்ளே பெரிய துணிக்கொடிகள். பெண்கள் உலகை ஆண்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும், அதைத் தொடர்ந்த கேள்விகளும் அவற்றில் எம்பிராய்டரி செய்யப்பட்டிருந்தன. தைத்தவர்கள் மும்பையில் சாணக்யா கைவினைப் பள்ளியில் பயிலும் பெண்கள். நம் நாட்டில் வீட்டுத் தையல் பெண்களுடையது. காசு வரும் ஜரிகைத் தையல் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்த தொழில். அந்தத் தொழிலைப் பெண்களுக்குக் கற்றுத்தரும் பள்ளி அது. ஆகவே அந்தப் பெண்களுக்கு அந்தக் கேள்வி வெறும் கொடியெழுத்து அல்ல, அன்றாடப் பிழைப்பு. ஆயிரக்கணக்கில் விலை போகும் உடைகளுக்கு மேலே அந்தக் கேள்வி தொங்கினதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆனாலும் காளியை மட்டும் கூப்பிட்ட பந்திக்கு நாற்பது வருஷம் கழித்து இங்கிருந்து மனுஷிகள் போய்ச் சேர்ந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போதும் தைக்கிறவர்களாகத்தான் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2023-ல் நியூயார்க்கின் நியூ மியூஸியம் அவருடைய வாழ்நாள் வேலையைத் திரட்டிக் காட்டியது. வயசு எண்பத்து நாலு. அந்தக் கண்காட்சியில் ஒரு பகுதியை அவர் தம் படங்களுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட வேறு பெண்களின் சித்திரங்களும் எழுத்துக்களும் அங்கே வைக்கப்பட்டன. அறுநூறு வருஷத்துக்கு முன் பெண்களுக்கென ஒரு நகரத்தைப் புத்தகத்தில் கட்டிய கிறிஸ்தீன் தெ பிஸானை நினைவுகூர்ந்து அந்தப் பகுதிக்குப் பெண்களின் நகரம் என்று பெயர். பெயர் எழுதின ஓடுகள் அல்ல. அந்தப் பெண்கள் செய்த பொருள்களே. வெறும் பெயரிலிருந்து காரியத்துக்கு வர அவருக்கு நாற்பத்து நாலு வருஷம் பிடித்திருக்கிறது. கலைஞர்களுக்கு அது அதிகமான காலம் இல்லை.

ஜூடி சிகாகோவைப் பெரிய சித்திரக்காரி என்று நான் சொல்லமாட்டேன். பெரிய காரியம் செய்தவர் என்று சொல்வேன். கோடுகளில் அவரைவிட நுட்பமானவர்கள் அவர் தலைமுறையிலேயே பலர் உண்டு. ஆனால் எதை வரையலாம், எதைக் கலை என்று கூப்பிடலாம், பீங்கான் வர்ணமும் ஊசி வேலையும் எந்த வாசல் வழியாக மியூஸியத்துக்குள் வர வேண்டும் என்ற வழக்கத்தை மாற்றினவர்கள் மிகச் சிலர். அவர் அவர்களில் ஒருவர். புரூக்ளின் போகிற நம்மவர்கள் அந்த மேஜையைப் பார்க்காமல் வரவேண்டாம். பார்க்கும்போது தட்டில் கண்ணை வைக்காமல் சற்றுக் குனிந்து துணியைப் பார்க்கட்டும். பிறகு சுவர்ப் பலகைக்குப் போய், அதைத் தைத்தவர்களின் பெயர்களில் நாலைந்தையாவது வாய்விட்டுப் படித்துவிட்டு வரட்டும்.